அத்தைக்கென்று எடுத்து வைத்த முட்டைகள்

அப்பா இல்லாத முதல் ஆண்டு முடிந்துவிட்டது. பூசை முடிந்து, கோயில் வாசலில் இந்த நினைவு மலரை நாங்கள் உங்கள் கையில் கொடுக்கும்போது, அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் "முட்டைக்காரர்தானே!" என்று கேட்பீர்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் ஒரு முட்டையைக்கூட விற்றதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிறப்பு, வேலை, குடும்பம், நோய் என்று வரிசையாக எழுத உட்கார்ந்தேன். அந்த வரிசையில் ஒன்று அடங்கவில்லை. அப்பா தம் தங்கையிடம், அதாவது எங்கள் அத்தையிடம், ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பல ஆண்டுகள் நேரம் இருந்தும் அதைச் சொல்லாமலே போய்விட்டார். மலர்க் கட்டுரைகளில் இப்படிப்பட்டதை எழுதும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தையிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இதே தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். அவருடைய தந்தையாருக்குத் தேயிலைச் செடிக்கு மருந்து அடிக்கும் வேலை. தாயாருக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. அத்தை நடை பழகுவதற்குள் தாயார் காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்பா அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். காலையில் தங்கையை முதுகில் சுமந்துபோய் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். மாலையில் திரும்பச் சுமந்து வருவார். சோறு ஊட்டினார், தலை பின்னிவிட்டார், சட்டை துவைத்தார். பிறகு படிப்பை நிறுத்திவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை இலை உலர்த்தும் அடுப்புப் பகுதியிலேயே இருந்தார். அந்தத் தூசியின் இருமல் கடைசிவரை அவரை விடவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கோழி வந்ததே அத்தையால்தான். அத்தை வயதுக்கு வந்தபோது, தாயில்லாப் பெண் என்று லயத்துப் பெண்கள் கூடிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் உளுந்து கொடுத்தார், ஒருவர் நல்லெண்ணெய் கொடுத்தார். பக்கத்து வீட்டார் முட்டையிடும் கம்பத்து நாட்டுக்கோழி ஒன்றையே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். தினமும் காலையில் அப்பா அந்த முட்டையை எடுத்து, உடைத்து, நல்லெண்ணெய் ஊற்றித் தங்கையிடம் கொடுப்பார். அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாராம். சடங்கு முடிந்ததும் கோழியைக் குழம்பு வைக்கலாம் என்று எல்லாரும் சொல்ல, அப்பா, "சோறு போட்ட கோழிய அறுக்குறதா?" என்று கேட்டு அதை அடைக்கு வைத்துவிட்டார். இன்று எங்கள் வீட்டின் பின்புறம் மேய்பவை எல்லாம் அதன் வம்சம் என்பது அப்பாவின் கணக்கு. நடுவில் மூசாங் என்கிற மரநாய் எத்தனை முறை கூண்டில் புகுந்து எல்லாவற்றையும் முடித்தது என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அம்மா ரிங்லெட் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தார். "மாப்பிள்ள வீட்ல என்னா இருக்குன்னு எங்கப்பா கேட்டாரு. தங்கச்சியும் கோழியும் இருக்குன்னு சொன்னாங்க. பொய்யில்லலா" என்று இன்றும் சொல்வார். அத்தைக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அப்பாவும் அம்மாவும்தான். மாமா திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரியில் வேலை செய்தார். அவர்கள் எங்கள் தோட்டத்திலேயே கீழ் லயத்தில் குடியிருந்தார்கள்.

கோழிகள் பெருகியபோது முட்டை மிஞ்சியது. மழையும் குளிரும் கடுமையான மாதங்களில் அதிகம் இடாது. வெயில் வந்துவிட்டால் கூண்டில், விறகுக் கட்டில், பழைய உரச் சாக்கில், ஒருமுறை என் பள்ளிப் பையில்கூட முட்டை கிடந்தது. அப்பா பங்கிடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பிள்ளை பெற்றவளுக்கு, அடுத்து வயதுக்கு வந்த பெண்ணுக்கு, அதன்பின் நோயாளிக்கு, பிறகு முதியவர்களுக்கு. அதற்கும் மிஞ்சியது நமக்கு. பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் யார், புரட்டாசி மாதம் தொடாதவர்கள் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கத்தோலிக்கர்களான நாங்கள் தவக்காலத்தில் முட்டை சாப்பிடுவதில்லை. கோழிகளுக்கு அது தெரியாது. அந்த நாட்களில் முட்டையெல்லாம் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்க்குக் கூடையோடு போகும். லெம்பா பெர்த்தாம் வீடுகளில் வெள்ளத்தோடு சேறு புகுந்தபோது, அவித்த முட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றார்.

முட்டையை அவர் எனாமல் மங்குக் கிண்ணத்தில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுத்தான் கொடுத்தனுப்புவார். பிளாஸ்டிக் பையில் போட்டால் பிச்சை போடுவது போல் இருக்கிறது என்பார். நம் மக்களிடம் உள்ள பழக்கம் உங்களுக்குத் தெரியும்: வந்த ஏனத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. ஆகவே மங்கு போன வீட்டிலிருந்து முட்டைக்கோசு வரும், தக்காளி வரும், முறுக்கு வரும், பாய் கடையிலிருந்து மீன் கறி வரும். லயத்தில் இப்போது எங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பங்களாதேசத் தம்பிகள். இந்தப் பழக்கத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அவர்களும் பிஸ்கட் வைத்தே மங்கைத் திருப்பினார்கள். அப்பாவுக்கு இது பெரிய மகிழ்ச்சி. கொடுத்ததைவிட வந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். திருப்பி வைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கு அந்த மங்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

மாமா லோரியிலிருந்து விழுந்து முதுகு உடைந்து படுத்தார். அத்தை கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் முறைப்படி நோயாளி வீட்டுக்கு முட்டை போயிற்று. அடுத்தடுத்துப் போயிற்று. மங்குகள் மட்டும் திரும்பவில்லை. அத்தை வீட்டில் அப்போது மங்கில் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. வெறும் மங்கைக் கொடுத்தனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஏதாவது கிடைக்கும்போது வைத்துக் கொடுக்கலாம் என்று கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் வீடுதானே, என்ன அவசரம் என்றும் நினைத்திருக்கிறார்.

அந்த ஆண்டு ஈஸ்டர், உயிர்ப்புப் பெருவிழாக் காலை. தவக்காலத்தின் கடைசி நாட்களில் சேர்ந்த முட்டைகளை அம்மா தேயிலைத் தூளோடு அவித்துப் பழுப்பு நிறமாக்கியிருந்தார். பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் அப்பா பெரிய பேசினோடு நின்று, ஆளுக்கு ஒரு சின்ன மங்கில் முட்டையும் உப்பும் மிளகும் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி. உபதேசியாரிடம், "உங்க பிரசங்கத்துக்கு ஒண்ணு பத்தாது, எங்கள எல்லாம் தூங்க வச்ச களைப்புக்கு ரெண்டு எடுத்துக்குங்க" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் அத்தை வந்து நின்றார்.

"உனக்கு மங்குல குடுக்க முடியாது தங்கச்சி" என்றார் அப்பா. "போன மங்கெல்லாம் உன் வீட்லயே குடும்பம் நடத்துது. திரும்பி வரமாட்டேங்குதுலா. நீ கையிலயே வாங்கிக்க. நீட்டு கைய."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை கையை நீட்டினார். அப்பா முட்டையை அந்தக் கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார். அத்தை அதை உரிக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, மாமா தனியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் எங்கள் வாசற்படியில் மங்குகள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பளிச்சென்று தேய்த்திருந்தார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சீனி. மேல் மங்கில், முதல் நாள் வாங்கிய முட்டை.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ வீட்ல இருந்த சீனி அம்புட்டும் இதான்" என்றார். "இன்னிக்கு அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி எதுல போடுவா?"

அப்பா வந்து பார்த்தார். "என்னாத்துக்கு இப்ப இது? விளையாட்டுக்குத்தானே சொன்னேன்."

"விளையாட்டுன்னா அவளும் சிரிச்சிருக்கணும். போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

"என்னா வார்த்த? நான் முதுகுல தூக்கி வளத்த புள்ள அது. அதுங்கிட்ட போயி மன்னிப்பா கேக்க முடியும்?"

"தூக்கி வளத்ததாலதான் கேக்கணும். வேற எவனாச்சும் சொல்லியிருந்தா அவ கையவே நீட்டியிருக்க மாட்டா."

அப்பா மங்குகளை உள்ளே எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு முட்டை குடுத்தனுப்புறேன். சரியாப் போயிரும்" என்றார்.

சரியாகவில்லை. அடுத்த நாள் நான் கொண்டுபோன முட்டையை அத்தை வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. "நாங்க முட்டைய விட்டுட்டோம்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்று என் தலையைத் தடவி அனுப்பினார். அப்பா உபதேசியாரிடம் கொடுத்துப் பார்த்தார்; பள்ளி வேன் ஓட்டுபவரிடம் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் மரியாதையாகத் திரும்பி வந்தன. பாயிடம் சொல்லி, கடையில் மிஞ்சியது போல் கொடுக்கச் சொன்னார். அத்தை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாய், எங்கண்ணன் வீட்டுக் கோழியெல்லாம் எனக்குக் குடுத்த கோழியோட வம்சந்தான். எனக்கா தெரியாது?" என்று கேட்டிருக்கிறார். பாய் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க ரெண்டு பேர் நடுவுல என்னைய மாட்டிவிடாதீங்க அண்ணாச்சி" என்றார்.

இருவரும் பேசாமல் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோயிலில் பேசிக்கொள்வார்கள். மழை, மருந்து, யார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசுவார்கள். மாமா இறந்தபோது பெட்டி வாங்கியதிலிருந்து குழியில் மண் போட்டதுவரை அப்பாதான் நின்று செய்தார். அத்தை அவர் தோளில் சாய்ந்து அழுதார். மூன்றாம் நாள் அப்பா முட்டை கொடுத்தனுப்பினார். அது திரும்பி வந்தது.

ஒருமுறை என் தம்பி இரவுச் சந்தையிலிருந்து ஓடி வந்து, அத்தை முட்டை போட்ட ரொட்டி தெலோர் சாப்பிடுவதைப் பார்த்ததாகச் சொன்னான். அப்பா கைதட்டிச் சிரித்தார். "முட்டைய விட்டவளாம்! ரொட்டி தெலோராம்! பாத்தியா என் தங்கச்சிய!" சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, கூண்டுப் பக்கம் எழுந்து போனார். உலகத்து முட்டையெல்லாம் சாப்பிடுகிறாள், என் வீட்டு முட்டையைத் தவிர என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று அம்மா சொன்னார்.

அதன் பிறகும் பங்கிடும்போது அத்தை பங்கு முதலில் எடுத்து வைக்கப்பட்டது. அடுக்களை அலமாரியின் கீழ்த் தட்டில், வைக்கோல் போட்ட கூடையில் அது இருக்கும். எங்களில் யாரும் தொடக் கூடாது. "இன்னிக்கு வருவா" என்பார். முட்டை பழசாகும் கட்டம் வந்ததும் அம்மா அந்தக் கூடையைக் காலி செய்வார். நான் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்கும் முட்டையை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்படித் தீர்த்தவை: உப்பில் ஊறப்போட்ட முட்டை, முட்டை சம்பல், கிறிஸ்துமஸ் கேக், எல்லாவற்றையும்விட அதிகமாகக் கயா. ஒரு சட்டிக் கயாவுக்கு முட்டை நிறையப் போகும். தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்துக் கட்டியில்லாமல் கிண்ட அரை நாள் போகும். எங்கள் வீட்டுக் கயா நன்றாக இருக்கிறது என்று இதைப் படிக்கும் நீங்கள் பலரும் சொல்லியிருக்கிறீர்கள். ரொட்டியில் தடவி நாம் எல்லாரும் இத்தனை காலம் சாப்பிட்டது அத்தையின் பங்கைத்தான்.

"கயா கிண்டுறதுக்குச் செலவாகுற நேரத்துல நாலு எட்டு கீழ எறங்கிப் போயிட்டு வந்துரலாம்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கொடுத்தவர் அப்பா. கொடுப்பதாலேயே எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்று நம்பிவிட்டார். அத்தை முட்டையைக் கேட்கவில்லை. முட்டையின் இடத்தில் வேறொன்றைக் கேட்டார். அதை அவர் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டதென்று மருத்துவர்கள் சொன்னார்கள். மலையிலிருந்து இறக்கி ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தோம். படுக்கையில் அவர் விசாரித்தவை கோழித் தீவனம், கூண்டின் தகரம், அம்மாவின் முட்டிவலி, என் தம்பியின் வேலை. அப்புறம் ஒரு மதியம், "தங்கச்சி வருதா?" என்று கேட்டார்.

மறுநாள் மதியமே அத்தை வந்தார். உடனே வந்தார் என்பதை எழுதாமல் விட்டால் தவறு.

"எப்படி வந்த?" என்று அப்பா கேட்டார்.

"உபதேசியார் காடியில."

"ரோட்டுல ஜேமா?"

"எறங்குறப்ப கொஞ்சம். ஸ்கூல் லீவுலா. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே."

அப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு, "தங்கச்சி, அன்னிக்கு…" என்று தொடங்கினார். அத்தை நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு அந்தக் கறுப்புக் கோழி அடைக்கு உக்காந்துச்சு. இந்நேரம் பொரிச்சிருக்கும். நீ போயி ரெண்டு குஞ்சு எடுத்துக்க."

"நீங்க வீட்டுக்கு வாங்கண்ணே. அப்புறம் பாப்போம்" என்றார் அத்தை.

வெளியே நடையில் வந்ததும் அத்தை சுவரில் சாய்ந்து நின்றார். "வாய் வரைக்கும் வந்துச்சு, பாத்தியாம்மா? அன்னிக்குன்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் கோழிகிட்ட போயிட்டாரு." சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானாச்சும் கேட்டிருக்கலாம். அன்னிக்கு என்னாண்ணேன்னு ஒரு வார்த்த. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு." திரும்ப உள்ளே போகலாமா என்று நான் கேட்டேன். "இப்ப வேணாம். களைச்சிருக்காரு. ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் உடலும் அன்றுதான் மலைக்கு வந்தது.

அடுப்பு எரியாத அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தவர் அத்தை. அம்மாவால் இப்போது சரிவில் இறங்கிக் கூண்டுக்குப் போக முடிவதில்லை. அதனால் அத்தைதான் தினமும் காலையில் கீழ் லயத்திலிருந்து ஏறி வந்து தீவனம் போடுகிறார், முட்டை பொறுக்குகிறார், அப்பாவின் முறைப்படியே பங்கிடுகிறார். அம்மா ஒன்றை மட்டும் மாற்றிவிட்டார். மங்கு கிடையாது, காகிதப் பை. யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. "உங்கப்பா இருந்தா திட்டுவாரு. திட்டட்டும்" என்றார். எல்லா வீட்டுக்கும் பை போகிறது. அத்தை தமக்கென்று ஒன்றும் எடுப்பதில்லை.

இந்தக் கட்டுரைக்காக அத்தையிடம் பேசினேன். எழுதட்டுமா என்று கேட்டேன். கூண்டுக்குள் குனிந்திருந்தவர் நிமிராமலே, "எழுது" என்றார். "நல்லவரு, வல்லவருன்னு மட்டும் எழுதாத. அது எல்லாருக்கும் எழுதுறது. அண்ணன் மன்னிப்புக் கேட்டாருன்னும் எழுதாத, நான் முட்டைய வாங்கிக்கிட்டேன்னும் எழுதாத. ரெண்டு பேருமே செய்யல. அப்படியே எழுது. படிக்கிற யாராச்சும் அவங்கவங்க வீட்ல போயி செய்யட்டும்."

அப்படியே எழுதியிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைக் கடைசிவரை கனிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும். கேட்ட நேரமெல்லாம் காடியை எடுத்த உபதேசியாருக்கும். துக்க நாட்களில் வந்தவர்கள் எல்லாருக்கும் தேநீரும் ரொட்டியும் கொடுத்தனுப்பிய பாய்க்கும். திரிங்காப்பிலிருந்து லோரி நிறையப் பூ அனுப்பிய மாமாவின் பழைய நண்பர்களுக்கும். லயத்தில் நம் இளைஞர்கள் குறைந்துவிட்ட இந்நாளில், பெட்டியை மேட்டில் தோள் கொடுத்துத் தூக்கிய பங்களாதேசத் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

அப்பா எல்லாரையும் கேலி செய்தவர். சிரித்துவிட்டுப் போனவர்கள் உங்களில் பலர். சிரிக்காமல் போனவர்களும் இருந்திருக்கலாம். அவரே வாய்திறந்து கேட்டிருக்க வேண்டியதை, அவர் மனைவியும் பிள்ளைகளும் இங்கே கேட்கிறோம். எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள், அத்தை. பிறகு மற்ற எல்லாரும்.